அட்டையில் இல்லாதது

நாற்காலியை நேருக்கு நேர் போடக் கூடாது, கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும், எதிரில் உட்காருகிறவருக்கு நம் முகமும் தெரிய வேண்டும் கதவும் தெரிய வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தா மேடம் முதல் வாரமே சொல்லிவிட்டார், இது ஐந்தாவது வாரம், இன்றைக்கும் நான் போட்ட நாற்காலியை முழங்காலால் ஒரு தள்ளு தள்ளிச் சரி செய்துவிட்டுத்தான் போகிறார். கதவு எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். எழுந்து போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆள் உட்காருவார் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிளஸ் ஒன் வரை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் எனக்குக் கதவு தெரிகிறதா என்ற கவலை வந்ததில்லை. இப்போது மணி பதினொன்று இருபது. கீழே பனியன் துணிக் கடை, மேலே இந்த ஹால், படிக்கட்டு வழியாகப் புதுத் துணி வாசனை ஏறி வருகிறது, அது கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரியும் கொஞ்சம் ரொட்டி மாதிரியும் இருக்கிறது, ஏன் ரொட்டி என்று ஐந்து வாரமாக யோசிக்கிறேன். திருப்பூரில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை. நாங்கள் எட்டுப் பேர், நாலு ஜோடி. எட்டுப் பேருக்கும் மனநோய் வந்திருக்கிறது, சிலருக்குப் போயிருக்கிறது, சிலருக்குப் போகிற மாதிரி இருக்கிறது. எங்களையே பழக்கி, அதே நோயோடு வருகிற மற்றவர்களுக்குத் துணையாக வேலைக்கு வைக்கப் போகிறார்கள். அந்த வேலைக்குச் சக ஆதரவாளர் என்று பேர், சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லாரும் பியர் என்கிறோம். ஆறு வாரம் முடிந்ததும் டவுனில் இருக்கிற மனநலக் கிளினிக்கில் மூன்று பேருக்கு வேலை. எட்டில் மூன்று. எனக்கு அது வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, வேண்டும், அவ்வளவுதான், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பதினெட்டு வயசுக்காரிக்கு மூளை கலங்கினதே ஒரு தகுதி என்று ஊரிலேயே ஒரே ஒரு இடத்தில்தான் சொல்கிறார்கள். எதிரில் சென்னியப்பன் அண்ணா உட்கார்கிறார். ஐம்பது வயசு, கட்டிங் மாஸ்டராக இருந்தவர், நாற்பது அடுக்குத் துணியை ஒரே கோடாக வெட்டினவர். ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், இங்கே பெரியவர் சின்னவர் கிடையாது என்பது மேடத்தின் சட்டம். என் வாயில் அண்ணா என்றுதான் வருகிறது, அவர் வாயில் அம்மணி என்றுதான் வருகிறது. சட்டம் தோற்றுப்போய்ச் சுவரில் சார்ட்டாகத் தொங்குகிறது.

அவர் கையில் ஓர் அட்டை. அதில் ஒரு ஆளைப் பற்றி நாலு வரி இருக்கும், அந்த ஆளாக அவர் பேச வேண்டும், நான் பியராகக் கேட்க வேண்டும், பதினைந்து நிமிஷத்தில் மேடத்தின் செல்போன் மணி அடிக்கும், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். அட்டையின் முதுகில் பச்சை மையால் நாலு என்று எழுதியிருக்கிறது. நாலாம் அட்டை எனக்கு மனப்பாடம், இரண்டாவது வாரம் எனக்கே வந்தது. பெயர் குமார், வயது முப்பத்து நான்கு, ஆட்டோ ஓட்டுநர், மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்டால் மட்டும் சொல்லவும். "வணக்கமுங்க, என் பேர் நிரஞ்சனா, நானும் மாத்திரை போடற ஆளுதான்" என்கிறேன். எங்கள் ஆரம்பம் இதுதான். டாக்டரால் இதைச் சொல்ல முடியாது, உங்களால் முடியும் என்பார் மேடம், ஆனால் உங்கள் கதையை ஒரு ஸ்பூன்தான் ஊற்ற வேண்டும், குண்டாவைக் கவிழ்க்கக் கூடாது. என் குண்டாவில் என்ன இருக்கிறது என்றால் ஒரு வேதியியல் பரீட்சை இருக்கிறது. ஒன்பது நாள் தூங்காமல் போய் எழுதினேன், பதினேழு அடிஷனல் ஷீட் வாங்கினேன், ஒவ்வொரு தடவை நான் எழுந்து நின்றபோதும் ஹாலே திரும்பிப் பார்த்தது, சூப்பர்வைசர் மிஸ் நூல் கட்டக் கொடுத்தபோது இவள்தான் ஸ்கூல் ஃபர்ஸ்ட் என்று சிரித்தார். ஹைட்ரஜனுக்கும் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் அத்தனையும். இன்றைக்கும் அதில் ஒரு பக்கம் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அதை யாரிடமும் சொல்வதில்லை. "சொல்லுங்க குமாரு, எப்படி இருக்கீங்க?" என்கிறேன். "இருக்கறனுங்க" என்கிறார். "தூக்கமெல்லாம்?" "நாலு மணி வரைக்கும் வருதுங்க. அப்பறம் முழிச்சுக்குது. முழிச்சா எந்திரிச்சு உக்காந்துக்கறது. ரோட்டுல மொத பஸ்சு போறப்ப, சரி இன்னைக்கு ஆரம்பிச்சிருச்சுன்னு தோணும்." நல்லா இருக்கிறது. அட்டையில் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, இவர் சொந்தமாகச் சேர்க்கிறார். போன வாரம் எனக்கு ஜோடியாக வந்த அக்கா இதே குமாரைச் செய்தபோது, "நான் மாத்திரை சாப்பிடுவதில்லை, என் வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று முதல் மூச்சிலேயே ஒப்பித்துவிட்டு, மீதிப் பதினாலு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை நேரத்துக்குப் போடறீங்களா?" இப்படிக் கேட்டால் ஆமாம் என்று பொய்தான் வரும், திறந்த கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று கேட்ட பிறகு ஞாபகம் வருகிறது, எனக்கு எல்லாமே வாயை விட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வரும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. "ஊட்டுல எடுத்துக் குடுப்பாங்க. போட்ட மாதிரி காட்டிட்டு அக்கட்ட போயி முருங்க மரத்தடியில துப்பிருவேன். அங்க எறும்பு நெறய. ஒருக்கா உக்காந்து பாத்தனுங்க, வரிசையா வந்த எறும்பு அதச் சுத்திக்கிட்டுப் போவுது. எறும்புகூட வேண்டாங்குது பாருங்க." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் அந்த வரிசையையே பார்க்கிற மாதிரி பார்க்கிறார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். எறும்பு. யாருக்கு இது தோன்றும். எனக்கு எறும்பைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும் போல இருக்கிறது, கறுப்பா சிவப்பா, எவ்வளவு தூரம் தள்ளிப் போனது, இனிப்புத் தடவின மாத்திரையாக இருந்தால் வந்திருக்குமா. கேட்கக் கூடாது, அது என் ஆசைக்குக் கேட்பது, அவருக்குக் கேட்பது இல்லை. "எத்தனை நாளா இப்படி?" "இருபத்தாறு நாளுங்க." அடடா என்று நினைக்கிறேன், மூன்று வாரம் என்கிற அட்டையை விட்டு எவ்வளவு தூரம் போகிறார், இவருக்கு இந்த வேலை கிடைத்துவிடும், இந்த எட்டுப் பேரில் இவர் கட்டாயம் ஒருத்தர் என்று வயிற்றில் சின்னதாக ஒரு எரிச்சல்கூட எட்டிப் பார்க்கிறது. அந்த எரிச்சலை மறைக்கத்தானோ என்னவோ, பியர் என்பதை விட்டுவிட்டு நிரஞ்சனாவாகச் சொல்கிறேன், "செம்மயா நடிக்கிறீங்கண்ணா." அவர் நிமிர்ந்து பார்க்கிறார். கடையில் ஷட்டரை இறக்குவார்களே, அந்தச் சத்தம் மட்டும்தான் இல்லை. "ஆமா அம்மணி" என்கிறார். "நடிக்கத்தான குடுத்திருக்காங்க." அட்டையைத் திருப்பிப் படிக்கிறார், முதல் தடவையாகப் படிக்கிறார். "என் பேர் குமாருங்க. ஆட்டோ ஓட்டறேன்." அட்டைக் குரல். போன வார அக்காவின் குரல்.

இருபத்தாறு. கதை கட்டுகிறவர்கள் மூன்று வாரம் என்பார்கள், ஒரு மாதம் என்பார்கள். நாளை எண்ணுகிறவர் இருபத்தாறு என்பார். நான் எண்ணியிருக்கிறேன், போன வருஷம், முப்பத்து மூன்று வரைக்கும், அதற்கு மேல் எண்ணுகிற நிலைமையில் நான் இல்லை. இதை இப்போதுதான் யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே அவர் கையைப் பார்க்கிறேன், அட்டை அவர் விரலில் அசையாமல் நிற்கிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும், கத்தரி பிடித்தே காய்த்துப்போன இரண்டு விரல்கள், இடையில் ஓர் அட்டை, மேலே ஃபேன் சுற்றுகிறது, அட்டை ஆடவில்லை. முதல் நாள் இந்தக் கை ஆடியது. மாத்திரை போடுகிற பலருக்கு ஆடும். பேப்பர் கப்பில் டீயை வாங்கி நாற்காலிக்கு வருவதற்குள் பாதி டீ கையெழுத்து நோட்டில் கொட்டியது, எட்டுப் பேர் கையெழுத்தும் பழுப்பாக ஓடியது, ஒருத்தர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள், அவரும் சிரித்து, "போச்சாது உடுங்க, சர்க்கரை கம்மியாத்தான் இருந்துச்சு" என்றார். முதலில் சிரித்த ஆள் நான். வேண்டுமென்று இல்லை. எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். அது எத்தனை நாள் முன்னால். ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை இது. முதல் திங்களிலிருந்து எண்ணினால் முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் இருபத்தாறைக் கழித்தால் ஐந்து, முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை. ஒரு வாரம் எங்கள் முன்னால் டீ குடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். இல்லை, நான் கணக்குப் போட்டுக் கதை கட்டுகிறேன், என் மூளைக்கு அது கெட்ட பழக்கம், ஹைட்ரஜனுக்கும் ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் உறவு கண்டுபிடித்த மூளைதானே. ஆனால் இந்தத் தடவை சரியாக இருந்தால். இரண்டாவது வாரம் அவர் தன் கதையை எங்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார், கம்பெனியில் கட்டிங் மிஷின் ஓடுகிற சத்தத்துக்குள்ளிருந்து ஒரு குரல் அவர் பேரைக் கூப்பிட்டதாம், முதலில் மரியாதையாக, அப்புறம் அசிங்கமாக, ஒரு நாள் செல்போனைக் கிணற்றில் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் காங்கயம் வரைக்கும் நடந்துவிட்டார், மகளுக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம். அந்த நிச்சயதார்த்தம் நின்றுபோனது. சொல்லும்போது அதை மட்டும் வேகமாகச் சொன்னார். அந்த ஆள் இருபத்தாறு நாளாக மாத்திரை போடவில்லை, எனக்கு மட்டும் தெரியும். மேடத்திடம் சொன்னால் இவர் வேலைக்குப் போக மாட்டார். போக மாட்டார் என்றால் ஓர் இடம் கூடும். இதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன்.

ஜோடிக்குள் பேசினது ஜோடிக்குள்ளேயே இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்லலாம், அதுவும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். இது உயிருக்கு ஆபத்தா. முருங்கை மரமும் எறும்பும் ஆபத்தா. யாரிடம் கேட்பது, கேட்டாலே சொன்ன மாதிரி ஆகிவிடும். என் அம்மாவாக இருந்தால் யோசிக்கவே மாட்டார், "ஆ காட்டு" என்பார். நான் நிறுத்தினது தெரிந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாகக் காலையும் ராத்திரியும் ஆ காட்டு, நாக்கைத் தூக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர், ஆனால் மாட்டுச் சந்தையில்தான் அப்படிப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். யாருக்கும் நான் ஆ காட்டு என்று சொல்ல மாட்டேன் என்றுதான் இந்தப் பயிற்சிக்கே வந்தேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க முடியாது, ஏன் என்கிற வார்த்தையை மேடம் தடை செய்திருக்கிறார், அது போலீஸ் ஸ்டேஷன் வார்த்தையாம். சரி, எனக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும். மேடத்துக்காக இல்லை, அம்மாவுக்காக இல்லை, எனக்கு. "நிறுத்துனதுக்கு அப்பறம் என்னென்ன நல்லாருக்கு?" என்று கேட்கிறேன். குரல் எனக்கே புதுசாக இருக்கிறது, மெதுவாக இருக்கிறது. அவர் அட்டையை மடியில் வைக்கிறார். நான் பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான், எனக்கு வராத வேலை, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். பக்கத்து ஜோடியில் யாரோ மாமியாரைப் பற்றி நடிக்கிறார்கள். "கை நின்னுபோச்சுங்க" என்கிறார். "போன ஞாயித்துக்கெழம புள்ளைக்கு ஒரு ரவிக்கத் துணி வெட்டிக் குடுத்தேன். ஏழு வருசத்துக்கு அப்பறம். கோடு கோடாட்டமே வந்துச்சு. அது துணிய எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துச்சு." பிறகு, "நாளைக்கு நாலு பேருக்கு ஆறுதல் சொல்லப் போறவன் கை ஆடுனா நல்லாவா இருக்கும். எதுக்கால உக்காந்திருக்கறவன், இவனே இன்னும் தேறலையாட்ட இருக்குதுன்னு நெனைக்க மாட்டானுங்களா." ஆட்டோ ஓட்டுகிற குமார் யாருக்கும் ஆறுதல் சொல்லப் போவதில்லை. அது அட்டையில் எங்கேயும் இல்லை. பியர் ஆவதற்காகத்தான் இவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். நோய் வந்தவர் என்பதற்காகவே வேலை கொடுக்கிறார்கள், அந்த வேலைக்கு வரும்போது நோய் தெரியக் கூடாது என்று இவர் நோயை ஒளித்து வைக்கிறார், சிரிப்பு வருகிறது, இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நல்லா இல்லாதது?" "தூக்கந்தான் சொன்னனேங்க. அப்பறம் நேத்து ஊட்டுல மிக்சி போட்டாங்க, தேங்கா அரைக்கறதுக்கு." நிறுத்துகிறார். "மிக்சி போட்டாங்க?" என்று அவர் வார்த்தையையே திருப்பிக் கொடுக்கிறேன், அப்படிக் கொடுத்தால் மேலே சொல்வார்கள் என்று பாடம். அவர் வாயைத் திறக்கிறார். மணி அடிக்கிறது. "மாறிக்கங்க" என்கிறார் மேடம் ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து.

மாறிக்கொள்வது என்றால் எழுந்து நாற்காலி மாற வேண்டும், அவர் உட்கார்ந்த இடம் சூடாக இருக்கிறது. மேடம் எனக்கு ஓர் அட்டை தருகிறார், மாலதி என்று பேர், மூன்று குழந்தைகள், பயம். நான் மேடம் போகும் வரைக்கும் அதைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். சென்னியப்பன் அண்ணா தொண்டையைச் செருமுகிறார். "வணக்கமுங்க. என் பேர் சென்னியப்பன். நானும் மாத்திரை..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார். அந்த வரியை அவரால் முடிக்க முடியவில்லை. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அதை அவருக்காக முடித்துக் கொடுக்கக் கூடாது. "அண்ணா, நான் மாலதி இல்ல" என்கிறேன். "நான் நிரஞ்சனாவாவே பேசறேன். எனக்கு ஒருத்தரைத் தெரியும். அவர் மாத்திரைய நிறுத்திட்டார். வீட்டுல தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவர் சொல்லணும்னு சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரான்னு தெரியல. இப்ப நான் என்ன பண்றது?" அவர் என்னைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார். எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. போகவில்லை. "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க" என்கிறார். "அந்த டயலாக் வேண்டாம்ண்ணா, சார்ட்டுல இருக்கு." உதட்டில் கொஞ்சம் சிரிப்பு. "அவருகிட்டயே கேட்டீங்களா?" என்கிறார். "இப்பத்தான் கேக்கறேன்." "உங்களுக்கு என்னம்மணி பயம்?" நல்ல கேள்வி. ஏன் பயம் என்று கேட்கவில்லை, என்ன பயம் என்று கேட்கிறார், எனக்குப் பதில் தானாக வருகிறது. "மேடத்துகிட்டச் சொன்னா அவருக்கு இந்த வேலை போயிரும். சொல்லலைன்னா அவரே போயிருவார். காங்கயம் வரைக்கும் இல்ல, அதுக்கும் அக்கட்ட." அவர் விரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. "இன்னொன்னும் இருக்கு. அவர் போயிட்டா எனக்கு எடம் கெடைக்கும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு." "ஒரு நிமிசந்தானா?" "ரெண்டு." அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், மேடம் திரும்பிப் பார்க்கிறார், நன்றாகப் போகிறது என்று நினைத்திருப்பார். நான் விடவில்லை, இப்போது நான்தானே பேசுகிறவள், பேசுகிறவளுக்கு ஸ்பூன் கிடையாது, குண்டாவைக் கவிழ்க்கலாம். "எனக்கும் கை ஆடுச்சுண்ணா. அதோட நனைஞ்ச அட்டப்பெட்டி மாதிரி இருந்துச்சு மண்டை. யாருகிட்டயும் சொல்லாம நானும் நிறுத்தினேன். முப்பத்திமூணு நாள். மொத இருபது நாள் மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையில வந்ததில்ல, பொய் சொல்ல மாட்டேன். முப்பத்தினாலாவது நாள் எங்கம்மாவை எனக்கு அடையாளம் தெரியல. அம்மா மாதிரி வேஷம் போட்டுட்டு யாரோ சோறு போடறாங்கன்னு தட்டைத் தூக்கி அடிச்சேன். அம்மா நெத்தியில ஆறு தையல். ரெண்டாவது தடவை டாக்டர்கிட்ட, இது ஆடுது, எனக்கு அசிங்கமா இருக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னேன். மாத்திக் குடுத்தார். இப்பவும் கொஞ்சம் ஆடும். பாருங்க." கையை நீட்டுகிறேன். கொஞ்சம் ஆடுகிறது, இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே, அது மாத்திரையா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். துணியைப் பார்ப்பார்களே, நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று, அப்படி. "இந்தக் கையோட உங்ககிட்ட வந்து ஒருத்தி உக்காந்தா, நீங்க என்ன நெனைப்பீங்க?" என்று கேட்கிறேன், கேட்டுவிட்டு இது பொறி வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்படுகிறேன், ஆனால் எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். "மொதல்ல பாவம்னு நெனைப்பேன்" என்கிறார். "அப்பறம், இவ பொய் சொல்ல மாட்டாளாட்ட இருக்குதுன்னு நெனைப்பேன்." முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "உங்க ஆளு இருக்காரே அம்மணி, அவரு கோழைங்க. ஏழு வருசங் கழிச்சு ஒரு ரவிக்கைய வெட்டிட்டு, அத உட முடியலீங்க அவருக்கு." "விட வேண்டாம்ண்ணா, சொல்லட்டும்." "சொன்னா?" "தெரியல." "சொல்லாம இருந்தா?" "நேத்து மிக்சி என்னமோ சொல்லுச்சுல்ல." இதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ. அவர் கண்ணை மூடிக்கொள்கிறார், கீழே வண்டியில் யாரோ அட்டைப்பெட்டி ஏற்றுகிறார்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சத்தம், ஒன்பது, பத்து. பத்தாவதில் அவர் எழுந்து நிற்கிறார். "மேடம், சித்தெ வெளிய வாரீங்களா, ஒன்னு சொல்லோணும்." பதினைந்து நிமிஷம் இன்னும் முடியவில்லை. மேடம் வருகிறார், "ரெண்டு பேருமா?" என்று கேட்கிறார். "இந்தப் புள்ளையும் வரட்டுமுங்க. பேசாது. சும்மா நிக்கும்." நான் பேச மாட்டேன் என்று இவருக்கு யார் சொன்னது. படிக்கட்டு முனையில் மூன்று பேரும் நிற்கிறோம். தொடைக்குக் கீழே இருந்த மாலதி எங்கேயோ விழுந்துவிட்டாள். முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவர் வாயையே பார்க்கிறேன், மாத்திரை என்று ஆரம்பிப்பாரா, மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பிப்பாரா, குமாருக்குள் ஒளிந்துகொள்வாரா. "எனக்கு அந்தக் கொரலு மறுக்காக் கேக்க ஆரம்பிச்சிருச்சுங்க" என்கிறார். "நேத்திருந்து. நாந்தான் நிறுத்துனேன்." மேடம் என்ன செய்வார் என்று பார்க்கிறேன், ஐந்து வாரமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எதை எடுப்பார். எதையும் எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "காலையில சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார். "இல்லீங்க, எறங்கல." "சரி, மொத சாப்புடலாம். சாப்டுட்டே டாக்டருக்குப் போன் போடுவோம், நீங்களே பேசுங்க, நான் பக்கத்துல இருக்கேன். ஊட்டுல யாரு சொல்றதுன்னு அப்பறம் யோசிக்கலாம்." அவர் தலையாட்டுகிறார். எல்லாம் சுமுகமாகப் போகிறது, பேசாமல் நின்றிருந்தால் சுமுகமாகவே முடிந்திருக்கும். "இவர் எடம் போயிருமா மேடம்?" என்று கேட்டுவிடுகிறேன். மேடம் என்னைப் பார்க்கிறார், அவரைப் பார்க்கிறார். "தெரியல நிரஞ்சனா. என் கையில மட்டும் இல்ல. நான் கேட்டுப் பாக்கறேன்." பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சென்னியப்பன் அண்ணா ஒரு படி இறங்கி நின்று திரும்புகிறார். முகம் வெளுத்திருக்கிறது, ஆனால் அவர் முகம்தான், குமார் முகம் இல்லை. "பேசாதுன்னு நாந்தானுங்க தப்பாச் சொல்லிட்டேன்" என்கிறார் மேடத்திடம். பிறகு என்னிடம், "வா அம்மணி. தனியாப் போனா நான் ரெண்டு இட்லியோட எந்திரிச்சுருவேன்."